என்ஜின் வேலை செய்யலாமா, வேறு என்ஜின் போடலாமா?

"ஏனுங்க, வேலை செஞ்சா எழுபதாயிரம்ங்கறாங்க, பழைய என்ஜின் நாப்பதுக்கே கிடைக்குதாமா, எதுங்க பண்றது?"

வேலை என்றால் இருக்கிற என்ஜினையே பிரித்துச் சரிசெய்வது. வாரத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டு போன் செய்கிறார்கள். கோபியிலிருந்து, தாராபுரத்திலிருந்து, பல்லடத்திலிருந்து. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பிரிச்சு அளந்து பார்த்தாங்களா?" பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். புகை வந்தது, மெக்கானிக் என்ஜின் போயிருச்சு என்றார், அவ்வளவுதான் கதை.

நான் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் இருக்கிறேன். போர் போடுவது (பிஸ்டன் ஓடுகிற துளையைக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டைத் தேய்த்துச் சீராக்குவது), ஹெட் ஃபேஸிங் (என்ஜினின் மேல்பாகத்தின் அடிப்பரப்பை மட்டமாக்குவது), இதுதான் எங்கள் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்ஜின் வேலை செய்தால்தான் எங்களுக்குக் கூலி, வேறு என்ஜின் வாங்கிப் போட்டால் எங்களுக்கு ஒன்றும் வராது. அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்ல வேண்டும். நம் பக்கம் நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி என்று எல்லோருக்கும் ஒரு லாரிக்கார மாமாவோ மச்சானோ இருப்பார். "என்ஜின் செஞ்சு போடு, இன்னும் அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்பார். லாரிக்கு அது சரி. லாரி என்ஜினில் லைனரை, அதாவது பிஸ்டன் ஓடுகிற இரும்புக் குழாயை, உருவிவிட்டுப் புதுசு போட்டுக்கொள்ளலாம், ஸ்பேர்ஸ் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். கார் அப்படி இல்லை. மாருதியின் கே சீரிஸ் மாதிரி பல கார் என்ஜின்களில் பிளாக்கே (என்ஜினின் உடம்பே) அலுமினியம், அதற்குள் இரும்பு லைனரை வைத்தே வார்த்திருப்பார்கள், உருவி எடுக்கவே முடியாது. அதனால் மாமா சொல்வதை அப்படியே காருக்குப் பொருத்த வேண்டாம்.

## எதை எதை வைத்து முடிவு செய்வது

ஏன் போனது. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ரேடியேட்டர் அடைத்து ஹீட் ஆகியிருந்தால், நீங்கள் எந்த என்ஜினைப் போட்டாலும் அதே ரேடியேட்டர் அதையும் தின்றுவிடும். ஆயில் குறைந்து போனதா, டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற சங்கிலி) பல் தாண்டியதா, மழைத் தண்ணீருக்குள் வண்டியை விட்டு என்ஜின் தண்ணீர் குடித்ததா என்று தெரிந்தாக வேண்டும். தண்ணீர் குடித்த வண்டி என்றால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், பிரிக்கவும் விடாதீர்கள். இன்சூரன்ஸில் என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இருந்தால் சர்வேயர் வந்து பார்த்த பிறகுதான் ஸ்பேனரே தொட வேண்டும்.

உண்மையிலேயே போனதா. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து அப்புறம் நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல். டீசல் வண்டியில் ஆயில் குறைகிறது, நீலப் புகையும் வருகிறது, ஆனால் பேக் கம்ப்ரஷன் (ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடிப்பது) இல்லை என்றால் டர்போவைப் பாருங்கள். வெள்ளைப் புகை, கூலன்ட் குறைகிறது, ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி படிகிறது என்றால் ஹெட் கேஸ்கட் பக்கம் போக வேண்டும். இந்த மூன்றையும் ஃபுல் என்ஜின் வேலை என்று சொல்லி ஆரம்பித்துவிடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் என்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிற சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்), போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். பத்து நிமிட வேலை இது.

வண்டி அதற்குத் தகுதியா. பாடி துரு, ஆர்.சி.யில் எத்தனை வருடம் பாக்கி என்று பாருங்கள். டெல்லியில் வந்த மாதிரி 10 வருட டீசலுக்கு இங்கே தடை கிடையாது. 15 வருடம் முடிந்தால் எஃப்.சி. காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம், ஆனால் காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. வண்டியை இப்போதே நல்ல நிலையில் விற்றால் என்ன விலை போகும் என்று விசாரியுங்கள். வேலைச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது.

பேப்பர், நாள், ஸ்பேர்ஸ். இவை மூன்றும் கடைசியில்தான் கடிக்கும். ஒவ்வொரு வழியிலும் தனியாகச் சொல்கிறேன்.

## வழி 1: ஹெட் வேலை மட்டும்

காங்கேயத்துக்காரர் ஒருவர் 1.3 டீசல் ஸ்விஃப்ட் என்ஜினை டெம்போவில் போட்டுக் கொண்டுவந்தார். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி ஏறும்போது ஹீட் ஆகி நின்றுவிட்டது. பழைய பாகங்கள் விற்கிற சென்னை புதுப்பேட்டையில் ஒரு என்ஜினுக்கு விலை பேசி முடித்துவிட்டார், பழையதை எடைக்குப் போடுமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதால்தான் எங்களிடம் வந்தது.

ஹெட்டை இறக்கி மேஜையில் வைத்து, நேர்க்கோல் வைத்து அடியில் ஃபீலர் கேஜைச் செருகினேன். 0.20 மி.மீ. தகடு தடையில்லாமல் உள்ளே போனது. 0.05 போனாலே யோசிக்க வேண்டும். சரி, ஹெட் வளைந்திருக்கிறது. பிளாக்கைப் பார்த்தால் வாட்டர் ஜாக்கெட் முழுக்கச் செம்மண் குழம்பு மாதிரி துருச்சேறு. ரேடியேட்டர் குழாய்களுக்குள் வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அந்த வெள்ளைப் பொருக்கு. தோட்டத்து போர்வெல் தண்ணீரையே ஐந்து வருடமாக ஊற்றியிருக்கிறார். நம் கிணத்துத் தண்ணீர்தானே, என்ன செய்யும் என்றார். காங்கேயம், தாராபுரம் பக்கத்து உப்புத் தண்ணீர் செய்த வேலை அது. சிறுவாணித் தண்ணீர் ருசியானதுதான், அதைக்கூட ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது, கூலன்ட் மட்டும்தான்.

நாலு போரையும் அளந்தேன். மேலே, நடுவில், கீழே, குறுக்கும் நெடுக்கும் என்று ஒவ்வொன்றிலும் ஆறு அளவு. எல்லாமே லிமிட்டுக்குள் இருந்தன. ஹோனிங் கோடுகூட (புதிதில் போரைக் கல்லால் தேய்த்த கோடு) பல இடத்தில் அழியவில்லை. ஹெட் ஃபேஸிங், வால்வு சீட் வேலை, கேஸ்கட், புது ஹெட் போல்ட், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், அதோடு சரியாகிவிட்டது. புதுப்பேட்டை என்ஜினை வாங்கி அதே ரேடியேட்டரோடு மாட்டியிருந்தால் அடுத்த மலையில் அதுவும் நின்றிருக்கும்.

இந்த வழி எப்போது சரி: போர் அளவு நன்றாக இருந்து, ஹீட்டோ செயின் தாண்டியதோ காரணமாக இருக்கும்போது. எப்போது தப்பு: போர் தேய்ந்திருக்கும்போது செலவைக் குறைக்க ரிங் மட்டும் மாற்றுவது. தேய்ந்த போரில் மேல் ரிங் நிற்கிற இடத்தில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு இருக்கும், நகத்தால் இழுத்தால் தட்டும். அதில் புது ரிங் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி ஆயில் சாப்பிடும், சில சமயம் ரிங்கே உடையும்.

## வழி 2: ஃபுல் என்ஜின் வேலை

சின்ன பெட்ரோல் கார் என்றால் நான் பார்க்கிற பில்கள் 45,000 முதல் 75,000 வரை வருகின்றன. காமன் ரெயில் டீசல் 90,000 தாண்டும், இன்ஜெக்டரும் டர்போவும் சேர்ந்தால் ஒன்றரை லட்சத்தைத் தொடும். வண்டிக்கு வண்டி மாறும், ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை இதுதான். போர் தேய்ந்திருந்தால் 25 சைஸ் அல்லது 50 சைஸ் பிஸ்டனுக்குப் போர் போடுவோம், அதாவது ஸ்டாண்டர்டைவிடக் கால் மி.மீ. அல்லது அரை மி.மீ. பெரிது. கிராங்கில் கோடு விழுந்திருந்தால் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங். ஹெட்டுக்கு வால்வு, கைடு, சீல். அதோடு ஆயில் பம்ப், டைமிங் கிட், வாட்டர் பம்ப். பேரிங் இடைவெளி ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்குதான், தலைமுடிக் கனத்துக்கும் குறைவு. அதனால்தான் யார் அளக்கிறார், எதை வைத்து அளக்கிறார் என்பது பிஸ்டன் என்ன பிராண்ட் என்பதைவிட முக்கியம்.

பிஸ்டன் கையில் வராமல் போர் போடச் சொல்லாதீர்கள். 50 சைஸ் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் பிஸ்டனை அளந்து அதற்குத்தான் போர் போட வேண்டும். "போர் போட்டு வைங்க, பிஸ்டன் நாளைக்கு வந்துரும்" என்று சொல்கிற மெக்கானிக்குகளிடம் நான் முடியாது என்றே சொல்லிவிடுவேன். சில கார் என்ஜின்களுக்குக் கம்பெனி ஓவர்சைஸ் பிஸ்டனே தருவதில்லை. அப்போது ஸ்லீவ் (போருக்குள் செருகுகிற இரும்புக் குழாய்) போட்டு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம், இரும்பு பிளாக்கில் அது பழகின வேலை. அலுமினிய பிளாக்கில் செய்தே பழகியவரிடம் மட்டும் கொடுங்கள், ஸ்லீவ் கொஞ்சம் நகர்ந்தாலும் கேஸ்கட் திரும்பத் திரும்பப் போகும்.

மறைந்த செலவு எங்கே என்றால், பிரிக்கும் முன் சொன்ன தொகை பிரித்த பிறகு நிற்காது. கிராங்க் வெடிப்பு, ஹெட் வெடிப்பு, தேய்ந்த கேம், இதெல்லாம் திறந்த பிறகுதான் தெரியும். பேசிய தொகையோடு அதில் நாலில் ஒரு பங்கு கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். என்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச், மவுண்டிங், பின் ஆயில் சீல் எல்லாம் பார்த்துவிடுங்கள், பின்னால் அதற்காக மறுபடி இறக்கினால் கூலி இரண்டு தடவை. உதிரிப் பாகத்துக்கு முன்பு 28 சதவீதம் இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது, பில்லோடு வாங்க அதுவும் ஒரு காரணம்.

நாள்: ஸ்பேர்ஸ் கையில் இருந்தால் பத்து நாள், இல்லாவிட்டால் ஒரு மாதம். நோம்பிக்கு முன்னால் வேண்டும் என்று அவசரப்படுத்தினால் கழுவுகிற வேலையில்தான் கை வைப்பார்கள். ஹோனிங் செய்த பொடி ஆயில் ஓட்டைக்குள் தங்கிவிட்டால் புது பேரிங் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காது.

இந்த வழியில் பெரிய நன்மை, பிளாக் அதேதான், என்ஜின் நம்பர் அதேதான். ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் எதற்கும் போக வேண்டாம்.

## வழி 3: பழைய என்ஜின் வாங்கிப் போடுவது

மூன்று நாளில் வண்டி ஓடும். டாக்ஸிக்காரருக்கு, வண்டி நின்றால் வருமானம் நிற்கிறவருக்கு, இது பெரிய விஷயம். விபத்தில் டோட்டல் லாஸ் ஆன, குறைவாக ஓடிய வண்டியின் என்ஜின் கிடைத்தால், வேலை செய்த என்ஜினைவிட அதுவே நன்றாகக்கூட இருக்கலாம், கம்பெனி ஃபிட்டிங் கலையாமல் இருக்கும். உங்கள் பிளாக் வெடித்துவிட்டது, கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்றால் இதுதான் வழி.

ஆனால் அந்த என்ஜின் எவ்வளவு ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. மீட்டர் வண்டியில் இருக்கிறது, என்ஜின் தரையில் கிடக்கிறது. கடையில் தருவது பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் கேரண்டிதான், ஸ்டார்ட் ஆனால் அவர் பொறுப்பு முடிந்தது. வாங்கும் முன் பிளக்கையோ குளோ பிளக்கையோ கழற்றி, போனில் மாட்டுகிற கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள், அது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. போரில் நெட்டுக் கோடு தெரிந்தால் வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்தால் தார் மாதிரி அப்பியிருந்தாலும் வேண்டாம்.

ஒரே என்ஜின்தான் என்பதையும் நம்பாதீர்கள். ஃபியட்டின் அந்த 1.3 டீசலைத்தான் மாருதி, டாட்டா, ஃபியட் மூன்றும் பல வண்டிகளில் போட்டன. அதில் ஸ்விஃப்ட்டில் வந்தது 75 குதிரைத்திறன், எர்டிகாவில் வந்தது 90 குதிரைத்திறன், டர்போவே வேறு. பிளாக் பொருந்தும், மேலே மாட்டுகிறது எல்லாம் பொருந்தாது. மாருதி 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது டீசலையே நிறுத்திவிட்டது, ஆகவே அதற்குப் பிறகு புதிதாக ஓடிய ஸ்விஃப்ட் டீசல் என்ஜின் என்று யாராவது சொன்னால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் பேப்பர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவுப்படி என்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். அதற்குக் கடை பில்லில் என்ஜின் நம்பர் இருக்க வேண்டும், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அது திருட்டு வண்டி என்ஜினாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். என் ஒறம்பரையில் ஒருவர் இதைச் செய்யாமலே நாலு வருடம் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது வருடம் விற்கப் போனபோது வாங்க வந்தவர் நம்பரை ஒத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். கடைசியில் பாதி விலைக்குத்தான் தள்ளினார்.

## வழி 4: கம்பெனியிலிருந்து புது என்ஜின்

ஷார்ட் பிளாக் என்றால் பிளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும், உங்கள் ஹெட்டை எடுத்து மேலே மாட்ட வேண்டும். முழு என்ஜினும் சில மாடலுக்குக் கிடைக்கும். விலை கேட்டால் மூச்சு நிற்கும், காத்திருக்கவும் வேண்டும், ஆர்.சி. வேலையும் உண்டு. ஐந்து வருடத்துக்குள்ளான வண்டி, இன்சூரன்ஸோ வாரண்டியோ பெரும்பகுதியைத் தருகிறது என்றால் தயங்காமல் போங்கள். உங்கள் கைக்காசு என்றால், விலை உயர்ந்த வண்டிக்கு மட்டும்தான் நியாயம். ஷார்ட் பிளாக் வாங்கும்போது பழைய ஹெட்டைக் கட்டாயம் பட்டறைக்கு அனுப்புங்கள்.

## வழி 5: அப்படியே விற்பது

இதைச் சொன்னால் பலருக்கு மனசு வலிக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, கல்யாணத்துக்கு வாங்கிய வண்டி. தரைத்தகடு துருப்பிடித்து, ஆர்.சி. முடிய ஒன்றரை வருடம் இருக்கிற வண்டிக்கு ஒரு லட்சம் போடுவதைவிட, உள்ளதைச் சொல்லி, என்ஜின் வேலை இருக்கிறது என்றே விற்றுவிடலாம். வண்டிதான் வேண்டும், காசு பிறகு என்று நினைத்தால் அதுவும் தப்பில்லை, ஆனால் அது பாசக் கணக்கு என்று தெரிந்து செய்யுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஹெட் வேலை | ஃபுல் வேலை | பழைய என்ஜின் | புது என்ஜின் |
|---|---|---|---|---|
| செலவு | குறைவு | நடுத்தரம், பிரித்த பிறகு ஏறும் | முதலில் குறைவு, பின்னால் தெரியாது | மிக அதிகம் |
| நாள் | 4 முதல் 7 | 10 முதல் 30 | 3 முதல் 5 | காத்திருக்க வேண்டும் |
| ஆர்.சி. மாற்றம் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமா | தெரியும் | முழுக்கத் தெரியும் | தெரியாது | தெரியும் |
| எப்போது | போர் லிமிட்டுக்குள் | போர், கிராங்க் தேய்ந்து, வண்டி நன்றாக இருந்தால் | பிளாக் போயிருந்தால், அவசரம் என்றால் | இன்சூரன்ஸ், வாரண்டி தந்தால் |

சொந்தக் கார், மாதம் ஆயிரம் கிலோமீட்டர், பாடி சுத்தம், போர் தேய்ந்திருக்கிறது என்றால் நான் ஃபுல் வேலைதான் சொல்வேன், என் கூலிக்காகச் சொல்லவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த என்ஜினோடு வீட்டுக்குப் போகலாம் என்பதற்காக. டாக்ஸி என்றால் பழைய என்ஜினும் நல்ல வழிதான், கேமரா விட்டுப் பார்த்து, பேப்பரோடு வாங்கினால். இரண்டிலும் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஃபுல் வேலை செய்தவர்களுக்கு ஒன்று. நம் பக்கம் என்ஜின் செய்த கையோடு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்கோ வால்பாறைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். கும்பிடுவதென்றால் பக்கத்துக் கோயிலுக்குப் போய் வாருங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மலை வேண்டாம், முழு லோடு வேண்டாம், பைபாஸில் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டே போகவும் வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், ரிங் போரோடு உட்கார அதுதான் வேண்டும். ஐநூறில் முதல் ஆயிலை மாற்றும்போது கூடவே நின்று, வடிகிற ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் காட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய மினுமினுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், புது ரிங் உட்காருகிறது. விரலில் தட்டுப்படுகிற மாதிரி செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ துகள் இருந்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.